மெலியக்கூடாத கழுகு

குரெங்புலாக்
1997 ஆகஸ்ட் 28

கல்கமான் அத்தானுக்கு,

ஆளும் ஆடுமாடும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். அல்மாத்தியில் நாலாவது மாடியில் குடியிருக்கிறவரிடம் ஆடுமாட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்? அக்காவும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் விலங்கியல் நிலையத்து வாசலில் பஞ்சடைத்து நிறுத்தியிருக்கும் ஓநாய் சுகமா?

நான் கோபமாக இருக்கிறேன். காரணத்தை அக்காவிடம் கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். வசந்தத்தில் இங்கே வந்தீர்கள். பாறை இடுக்கில் காட்டுக் கழுகின் கூட்டில் உடைந்து கிடந்த முட்டை ஓடுகளைப் பொறுக்கினீர்கள். ஓடையோரம் செத்துக் கிடந்த நரியின் ஈரலையும் கொழுப்பையும் அறுத்து பாட்டிலில் போட்டுக்கொண்டீர்கள். "ஒரு மாசத்துல பதில் சொல்றேன் உல்போசின்" என்று சொல்லி, நான் செய்து வைத்திருந்த குதிரைக்கறித் தொத்திறைச்சியையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினீர்கள். தொத்திறைச்சி என்றைக்கோ தீர்ந்திருக்கும். பதில் எங்கே?

அதற்குப் பிறகு இன்னும் சில நரிகள் செத்துவிட்டன. பள்ளிக்கூடத்து பாப்லர் மரத்திலிருந்து ஓர் ஆந்தை பட்டப்பகலில் தொப்பென்று விழுந்து, குளிர்சுரம் வந்த மாதிரி உதறி உதறிச் செத்தது. எல்லாம் பழைய பூச்சிமருந்துக் கிடங்குப் பக்கம்தான். கூட்டுப்பண்ணை கலைந்தபோது ஆளுக்கு ஆள் அதன் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள் அல்லவா, அதிலிருந்து மழை உள்ளேதான் பெய்கிறது. மூட்டைகள் வெடித்து வெள்ளைப் பொடி கீழே பள்ளத்துக்கு ஓடுகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தில் புல்லைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பச்சை! நம் ஊரிலேயே கொழுத்த தரை அணில்கள் அங்கேதான். கழுகு வளர்க்கிற எல்லாரும் அங்கேதான் பொறி வைக்கிறோம்.

என் கழுகு ஷெகிரும் கோடை முழுக்க அந்த அணில்களைத்தான் தின்றாள். பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிற காலத்தில் கழுகைக் கொழுக்க வைக்காவிட்டால் இறகில் பலம் இருக்காது. இப்போது இறகு முடிந்துவிட்டது. அம்மணி, நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயிறு நிறைந்த கழுகுக்கு எஜமானி எதற்கு? வருகிற வாரம் தீனியைக் குறைத்து வேட்டைக்கு மெலிய வைக்கத் தொடங்குவேன். இது அவள் என்னிடம் இருக்கும் பத்தாவது வருஷம். முறைப்படி வசந்தத்தில் ஆடு அறுத்து, கும்பிட்டு, மலையில் விட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஒரு குளிர்காலம் அவளோடு ஆசை தீர வேட்டையாட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பதில் போடுங்கள்.

உங்கள் கொழுந்தியாள்
உல்போசின்


அல்மாத்தி
செப்டம்பர் 20

அன்புள்ள உல்போசினுக்கு,

உன் கடிதத்தை உன் அக்கா குன்சுலு சத்தமாக வாசித்தாள். தொத்திறைச்சி வரி வந்ததும் இரண்டு தடவை வாசித்தாள். உங்கள் குடும்பத்துக்கே நாக்கு ஒன்றுதான், முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் கரண்ட். விஷத்தை அளக்கிற எங்கள் இயந்திரம் இடைவிடாமல் ஓட வேண்டும். இங்கே விளக்கு எரிவதே விருந்தாளி வந்த மாதிரி. ஒருவழியாக முடித்துவிட்டேன்.

விஷயம் நல்லதில்லை. முட்டை ஓடு மிகவும் மெல்லிசு. தாய்க் கழுகு அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கிவிடும். நரியின் கொழுப்பில் டி.டி.டி. நான் இதுவரை பார்த்திராத அளவு. அந்தப் பொடி தண்ணீரில் கரையாது, மண்ணில் லேசில் மக்காது. நாம் போய்ச் சேர்ந்த பிறகும் அது இருக்கும். புல்லிலும் மண்ணிலும் துளிதான் இருக்கும். அதையே தின்று வளர்ந்த அணிலில் அதைவிட அதிகம். அந்த அணில்களைத் தின்கிற நரியிலும் ஆந்தையிலும் கழுகிலும் பல மடங்கு. உடம்புக்கு அதை லேசில் வெளியே தள்ளத் தெரியவில்லை, கொழுப்பில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே பள்ளத்து அணில் இறைச்சியை இன்றோடு நிறுத்திவிடு. ஷெகிருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதே.

இன்னொன்று. இதை எங்கள் இயக்குநரிடம் காட்டினேன். "அந்தக் கிடங்கு இப்ப யாருதுன்னே தெரியல கல்கமான். யாரு வீட்டு நாய்னு தெரியாம அதோட வால எதுக்கு மிதிக்கிறீங்க?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எனவே நீயும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கல்கமான்


குரெங்புலாக்
அக்டோபர் 12

அத்தான்,

வாயை மூடவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாளே வட்டாரத் தலைவர் ரிஸ்பெக்கிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். பிறகு சொன்னார்: "ஏம்மா உல்போசின், நரி செத்தா மருந்து, ஆந்தை செத்தா மருந்துன்னா, வயசாகி யாருமே சாக மாட்டாங்களா? அது நம்ம வட்டாரத்துலயே நல்ல புல்லு. கெடங்குக்குக் கூரை போட்டு ஆட்டுப் பட்டி ஆக்கப் போறேன். ஊரு ஆடெல்லாம் இந்தக் குளிருக்கு அங்கதான்."

"அந்த ஆட்டுப் பால உங்க பேரனுக்குக் குடுப்பீங்களா?" என்றேன்.

"நீ கழுகப் பாரு, ஆட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்திய சத்தம் உங்களுக்கு அங்கே கேட்டிருக்கும்.

அதை விடுங்கள். எழுதக் கை வரவில்லை. தாவுத்பாயின் கழுகு செத்துவிட்டது. அக்கா கல்யாணத்தில் மல்யுத்தத்தில் உங்களை மல்லாத்திப் போட்டாரே, அதே தாவுத்பாய். வேட்டைப் பருவத்துக்கு அதை மெலிய வைத்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைக்க இளைக்க நடுக்கம் வந்தது. "உள்ளுக்குள்ள கொழுப்பு ஒட்டிக்கிட்டு நிக்குது, அதான் இப்படி" என்று தீனியை இன்னும் குறைத்தார். சத்துப் போகத் தண்ணீரில் ஊறவைத்து வெளுத்த இறைச்சியை மட்டும் கொடுத்தார். தோல் உருண்டையை விழுங்கவைத்து, குடல் கொழுப்பைக் கக்க வைத்தார். எங்கள் அப்பா செய்ததும் அதுதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவர் கையிலேயே அது தலையைத் தொங்கப் போட்டது. மலைபோல மனுஷன் பட்டியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

நீங்கள் சொன்னபடி நான் பள்ளத்து அணிலை நிறுத்திவிட்டேன். வெளுத்த இறைச்சிதான், அதுவும் அரை வயிறுதான். இரண்டு நாளாக ஷெகிருக்கும் நடுக்கம். என் கையுறையை நகம் பதியப் பிடிக்கிறவள், பிடி நழுவித் தொங்குகிறாள். தின்ற விஷத்தைத்தான் நிறுத்தியாயிற்றே, பிறகு ஏன் நடுங்குகிறாள்? உங்கள் இயந்திரம் பொய் சொல்கிறதா? நீங்கள் சொல்கிறீர்களா? கொழுப்பு மிச்சம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இன்னும் இரண்டொரு நாளில் தோல் உருண்டை கொடுத்து, பட்டினியையும் கூட்டலாம் என்று இருக்கிறேன். வேறு வழி தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அவளுக்கு ஏதாவது ஆனால் உங்கள் வாசலில் வந்து நின்று ஒப்பாரி வைப்பேன், நாலு மாடிக்கும் கேட்கும்.

உல்போசின்


அல்மாத்தி
அக்டோபர் 15

உல்போசின்,

இதை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் பட்டிக்கு ஓடு.

பட்டினி போடாதே. உருண்டை கொடுக்காதே. வெளுத்த இறைச்சியைத் தூக்கி எறி. வயிறு முட்டத் தீனி போடு. மேல் மேய்ச்சல் நிலத்து ஆடு, இல்லாவிட்டால் குதிரைக்கறி, கொழுப்போடு. பள்ளத்துப் பக்கம் மேய்ந்த எதுவும் வேண்டாம்.

காரணத்தைப் பிறகு நிதானமாக வாசி. கோடையில் தின்ற விஷம் அவள் கொழுப்பில் பதுங்கிக் கிடந்தது. கொழுப்பில் இருக்கிறவரை அது சும்மா இருக்கும். நீங்கள் மெலிய வைக்கும்போது கொழுப்பு கரைகிறது, கரைந்ததும் உள்ளே இருந்த அத்தனையும் ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கி மூளைக்குப் போகிறது. நடுக்கம் அதனால்தான். தாவுத்பாய் நடுக்கத்தைப் பார்த்து இன்னும் பட்டினி போட்டார், அது இன்னும் கரைந்தது. உங்களிடம் ஒரு வைத்தியம்தான் இருக்கிறது, இந்த நோய்க்கு அது எமன்.

மெலிய வைக்கப் போவதாக நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் வாசித்துவிட்டு அணிலை நிறுத்து என்று மட்டும் சொன்னேன். நீ திட்டப் போகிறாய், திட்டு. முதலில் தீனி போடு.

கல்கமான்


குரெங்புலாக்
நவம்பர் 9

அத்தான்,

முதலில் திட்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உங்களுக்காகத்தான் சொல்லி வைத்தார்கள். படித்த படிப்பில் பாதியைப் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். திட்டு முடிந்தது.

பிழைத்துக்கொண்டாள். டிரைவர் கடிதத்தை நீட்டியபோது தோல் உருண்டை என் கையில் இருந்தது. அப்படியே அடுப்பில் போட்டேன். மேல் மேய்ச்சல் நிலத்து ஆடு ஒன்றை அறுத்து, வால் கொழுப்போடு துண்டு துண்டாக ஊட்டினேன். முதலில் விழுங்கத் தெரியாமல் கீழே விட்டாள். நான் விடவில்லை. மடியில் போட்டுக்கொண்டு ஊட்டினேன். என் மகனுக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை, அவன் சாட்சி. நாலைந்து நாளில் தலை நின்றது. இப்போது நடுக்கம் அநேகமாக இல்லை. மறுபடி குண்டாகிவிட்டாள், மறுபடி என்னை மதிப்பதில்லை. சந்தோஷத்தில் அழுதேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது ஊருக்கே நான் வேடிக்கை. வேட்டைக் காலத்தில் கழுகைக் கொழுக்க வைக்கிற பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்திதானாம். ஷெகிருக்கு 'உல்போசின் கோழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் நிற்கிறேன், ஒருத்தி கேட்கிறாள், "என்னக்கா, கோழி முட்ட போடுதா?"

"போடுதுடி. மொத முட்ட உன் மாமியாருக்குத்தான் குடுத்துவிட்டேன், வந்து சேரலையா?" என்றேன். கடையே சிரித்தது. சிரிக்கட்டும். தாவுத்பாய் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, வசந்தத்தில் இவளை மலையில் விடலாமா? காட்டில் எந்தக் கழுகும் குளிரில் மெலியாமல் இருக்காது. அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கே புரிகிறது, ஆனாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும். இரண்டு, ரிஸ்பெக் கிடங்குக்குக் கூரை போட மரம் இறக்கிவிட்டார். ஆடுகளை அங்கே அடைத்தால் அடுத்தது நம் பிள்ளைகள்தான். நீங்கள் கண்டுபிடித்ததை உங்கள் பெயர் போட்டு வெளியே சொல்ல வேண்டும். பயமாக இருந்தால் சொல்லுங்கள், நானே குதிரையில் அல்மாத்திக்கு வந்து உங்கள் நிலையத்து ஓநாய் மேல் ஏறி நின்று கத்துகிறேன்.

உல்போசின்


அல்மாத்தி
டிசம்பர் 22

உல்போசின்,

ஓநாய் பழசு, உன் பாரம் தாங்காது. நானே கத்திவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா தேநீர் வைத்தாள். பிறகு, "நாய் வாலு நாய் வாலுன்னு எத்தன நாளு அந்த இயக்குநரு பின்னாடியே சுத்தப் போறீங்க? நரிய அறுத்த கை உங்களுதுதான? கையெழுத்தும் அந்தக் கைதான போடணும்?" என்றாள். இதைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டு பத்திரிகைக்குக் கொடுத்தேன். போட்டுவிட்டார்கள்.

இயக்குநர் கத்தவில்லை. என் மேசையை மட்டும் படிக்கட்டுக்கு அடியில் மாற்றிவிட்டார், இயந்திர அறையின் சாவியையும் வாங்கிக்கொண்டார். இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை.

உங்கள் ரிஸ்பெக் அதே பத்திரிகையில் மறுப்பு எழுதியிருக்கிறார். குரெங்புலாக்கின் வேட்டை இறைச்சி தேசத்திலேயே சுத்தமானதாம், அவர் வீட்டில் பேரக் குழந்தைகள்வரை அதைத்தான் சாப்பிடுகிறார்களாம், பிப்ரவரியில் கழுகு வேட்டைப் போட்டி நடத்தித் தொலைக்காட்சிக்காரர்களையே கூப்பிட்டுக் காட்டப் போகிறாராம். கத்தரித்து இதனுடன் வைத்திருக்கிறேன். அடுப்பு பற்றவைக்க உதவும்.

ஷெகிரைப் பற்றி. விடாதே. முதல் கடுங்குளிரிலேயே விழுந்துவிடுவாள். சுத்தமான இறைச்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பிலிருந்து அது சிறுகச் சிறுகக் குறையும். வருஷக்கணக்கில் ஆகும். மறுபடி என்றாவது வேட்டையாடுவாளா என்றால், தெரியாது. தெரிந்த மாதிரி உன்னிடம் பேசுவதை விட்டுவிட்டேன். பத்து வருஷம் முடிந்த கழுகை விடாமல் வைத்திருப்பது உன்னை மாதிரி ஒருத்திக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், விடாதே.

கல்கமான்


குரெங்புலாக்
1998 பிப்ரவரி 24

அத்தான்,

பள்ளத்துக்கு வேலி போட்டாயிற்று. ரிஸ்பெக் போடவில்லை, நாங்கள் போட்டோம். அவர் கூரைக்கு இறக்கிய மரத்தையே தூக்கி, சுற்றிவர நட்டு, முள்ளைக் கட்டிவிட்டோம். நீங்கள் சொல்லியனுப்பியபடி, வேலி போட்டபோது யாரும் உள்ளே கால் வைக்கவில்லை, பொடியைத் தொடவில்லை. மிச்சத்தை அள்ளிக்கொண்டு போக அரசாங்கம்தான் வர வேண்டும், வரும்வரை கடிதம் போட்டு உயிரை எடுப்போம். அதில் எனக்கு நல்ல பழக்கம். ஓர் ஆடுகூட உள்ளே போகவில்லை. எப்படி நடந்தது என்று கேளுங்கள். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.

போட்டிக்கு நானும் ஷெகிரோடு போனேன். "உன்ன யாரு கூப்பிட்டா?" என்று வாசலில் கேட்டான் ஒருவன். "என் கோழிக்கு அழைப்பு வந்துச்சு, நான் தொணைக்கு வந்தேன்" என்று உள்ளே போய்விட்டேன். அல்மாத்தியிலிருந்து கேமராக்காரர்கள், வெளியூர் விருந்தாளிகள், ரிஸ்பெக் புதுத் தொப்பியில். குன்றிலிருந்து ஒவ்வொரு கழுகாக விட்டார்கள். கீழே குதிரை இழுத்துப்போன நரித்தோலை அவை பாய்ந்து பிடித்தன. நான்கு கழுகுகள்தான். போன வருஷம் நம் ஊரில் ஒன்பது இருந்தன. அதை மட்டும் யாரும் மைக்கில் சொல்லவில்லை.

என் முறை வந்தது. ஷெகிரின் கண்மூடியைக் கழற்றினேன். நரித்தோலைப் பார்த்தாள், ரிஸ்பெக் நின்ற பக்கம் பார்த்தாள், எச்சமிட்டாள், இறகைக் கோத ஆரம்பித்தாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குக் கன்னம் எரிந்தது. அவளைப் பறக்கவிட்டு நானும் கூடவே பாய்ந்த குளிர்காலங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நாலு நாள் பட்டினி போட்டிருந்தால் அந்தத் தோலைக் கிழித்துப் போட்டிருப்பாள், அப்புறம் செத்திருப்பாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குதிரையைத் திருப்பினேன்.

என் சேணத்தில் ஒரு முயல் தொங்கியது. அன்று காலை தாவுத்பாய் பள்ளத்தில் சுட்டது. உங்கள் பாட்டிலுக்காக பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்ப வைத்திருந்தோம். ரிஸ்பெக் கண்ணில் அது பட்டுவிட்டது. கேமராக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்க வாங்க, நம்ம பழைய வழக்கம் ஒண்ணு காட்டறேன்" என்று என் குதிரைக்கு முன்னால் வந்து நின்று, கையை விரித்து, "சிரால்கி!" என்றார்.

சிரால்கி என்று கேட்டவனுக்கு வேட்டைக்காரன் பங்கு கொடுக்காமல் போனதாக நம் பக்கம் ஏழு தலைமுறையில் இல்லை. கேட்டவன் வாங்காமல் போனதாகவும் இல்லை.

"சிரால்கி, உல்போசின்! உன் கோழி புடிச்ச முயல்ல எனக்குப் பங்கு உண்டுல்ல?"

சிரிப்பு. நான் குதிரையை விட்டு இறங்கினேன். முயலை அவிழ்த்து, முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினேன்.

"பங்கு என்ன தலைவரே, முழுசா எடுத்துக்குங்க. மருந்துக் கெடங்குப் பள்ளத்து முயலு. காலைல தாவுத்பாய் சுட்டது. நல்லா கொழுப்பு வெச்சிருக்கு. பேரப்புள்ளைங்களும் இதத்தான் சாப்பிடுதுன்னு பேப்பர்ல எழுதியிருந்தீங்களே? குடுங்க. வயிறாரச் சாப்பிடட்டும்."

அவரும் சிரித்தார். கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கை கடுத்தது, ஆனால் இறக்கவில்லை. கடைசியில், "என் டிரைவர்கிட்ட குடும்மா" என்றார்.

அவருடைய கார் டிரைவர் நல்ல பையன், போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. இரண்டு அடி பின்னால் போய்விட்டான். "எனக்கு வேணாம் தலைவரே. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு."

அப்போதுதான், அத்தான், கடையில் என்னிடம் முட்டை கேட்டாளே, அவள் முன்னால் வந்தாள். முயலைப் பார்க்கவில்லை, ரிஸ்பெக்கைத்தான் பார்த்தாள். "அப்ப எங்க புள்ளைங்க மட்டும் என்ன தலைவரே?" என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலையே மரத்தைத் தூக்க ஆள் வந்தது. தாவுத்பாய் ஒற்றை ஆளாக நாலு மரம் தூக்கினார்.

ஷெகிரை நான் விடப் போவதில்லை. பத்து வருஷம் ஆனால் விட வேண்டும் என்பது பாட்டன்மார் போட்ட விதி. அவர்கள் காலத்தில் மலை சுத்தமாக இருந்தது. அவளை மலையில் விடும் அளவுக்கு மலை சுத்தமாகட்டும், அல்லது அவள் உடம்பு சுத்தமாகட்டும். அதுவரை என் வீட்டில் தின்றுவிட்டுத் தூங்கட்டும். பாவம் என்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். முயலின் ஈரலும் கொழுப்பும் உப்புப் போட்டு இதோடு வருகிறது. படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் என்ன, இயந்திர அறைச் சாவியைத் திரும்ப வாங்குங்கள், அளந்து பாருங்கள், பெயர் போட்டு எழுதுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எல்லாரும் கலைந்த பிறகு கேமராக்காரப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, ஷெகிரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டான், "இவ்ளோ குண்டா இருக்கே, இந்தக் கழுகு எதையாவது புடிக்குமா?"

"ஏம்ப்பா, நீ பாக்கலையா?" என்றேன். "இப்பதான ஒரு வட்டாரத் தலைவரப் புடிச்சுது."

உல்போசின்